கண்ணாடிக் கூரையின் கீழ் ஒரு விருந்து

யாகப்புவுக்கு எழுபது வயது நிறையும் நாளன்று எங்கே உணவருந்துவது என்னும் வினாவிற்கு ஊர்காவற்றுறையில் ஒரு விடையும் பாரிசில் வேறொரு விடையும் இருந்தன.

ஊர்காவற்றுறை விடை எளியது. வீசா கிடைத்த அன்று மாலையே, மகள் அன்ரனிட்டாவின் தொலைபேசியில், பாரிசில் வாழும் மகன் றஜீபனிடம் யாகப்பு அதனைக் கூறிவிட்டார்.

"எனக்குப் பெரிய எடுப்பொண்டும் வேண்டாம், தம்பி. நீ வேலை செய்யிற கடையிலை ஒரு நேரம் சாப்பிடவேணும். அவ்வளவுதான்."

மறுமுனையில் றஜீபன், அதைப் பார்ப்போம் என்றான். கிழவர் அவ்விடையை இசைவென்றே எடுத்துக்கொண்டார்.

யாகப்புவின் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் கடற்றொழில் செய்பவர்கள். அவர்களிடையே ஒரு வழக்கம் இருந்து வந்தது. வீட்டுப் பிள்ளை ஒருவன் பிறருடைய வள்ளத்தில் முதன்முதலாகத் தொழிலுக்குப் போனால், தகப்பன் ஒரு நாள் அந்த வள்ளத்துக்கு உரியவராகிய சம்மாட்டியின் வாடிக்குப் போவான். கரையோரத்து ஓலைக் கொட்டிலாகிய அவ்வாடியிலே, தொழிலாளருக்கென ஆக்கிய பானையிலிருந்து, அவர்களோடு கூட இருந்து ஒரு நேரம் உண்பான். அவனுக்கென்று தனியாக எதுவும் ஆக்குதல் கூடாது. உண்டு கை கழுவியபின், சம்மாட்டியைப் பார்த்து, பொடியனைக் கவனித்துக்கொள்ளும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்புவான். பிள்ளை எங்கே உண்கிறான், யாரோடு உண்கிறான் என்பதைத் தன் நாவினால் அறிந்த பின்னரே தகப்பனுக்கு நெஞ்சு ஆறும்.

யாகப்புவுக்காக அவருடைய தந்தையார் அவ்வாறு செய்திருந்தார். காலஞ்சென்ற தமையனின் மகன் மிரோஜன் அனலைதீவுச் சம்மாட்டி ஒருவரிடம் சேர்ந்தபோது, தகப்பன் தானத்தில் நின்று யாகப்புவே சோளகக் காற்றையும் பொருட்படுத்தாது படகேறிப் போய் உண்டு வந்தார். குழம்பிலே உப்புக் கூடிவிட்டது என்பதைத் தவிர வேறு குறை சொன்னாரில்லை. ஆனால், சொந்த மகனுக்கு அதனைச் செய்யும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. றஜீபன் தகப்பனின் வள்ளத்தில் மாத்திரமே தொழில் செய்தான். பத்தொன்பது வயதில் நாட்டைவிட்டே போய்விட்டான். பதினான்கு ஆண்டுகளாக அவன் யாரோ ஒருவருடைய குசினியில் வேலை செய்கிறான். அங்கே அவன் உண்ணும் சோற்றில் ஒரு வாயேனும் தகப்பன் உண்டதில்லை.

இவற்றையெல்லாம் யாகப்பு தொலைபேசியில் விளக்கவில்லை. இந்தக் குடும்பத்திற் பிறந்தவனுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ என்று அவர் எண்ணினார்.

பாரிசில் இருந்த விடையோ சிக்கலானது.

றஜீபன் அந்நகரத்திற் காலூன்றிய புதிதில், தாய் மாக்கிறேற் அவனுடைய வேலையைப் பற்றிக் கேட்டாள். பிரெஞ்சு உணவகம் ஒன்றின் குசினியில் என்றான். அது பொய்யன்று. சமையலோ என்று அவள் கேட்டாள். ஓம் என்றான். அந்த ஓர் 'ஓம்' ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலைக் கடப்பதற்குள் வளர்ந்து, சில ஆண்டுகளில் றஜீபனைப் பெரியதோர் உணவகத்தின் தலைமைச் சமையற்காரனாகவே ஆக்கிவிட்டது. பின்னர் மாக்கிறேற் இறந்தாள். வதிவிட அனுமதி கிடைக்காதிருந்த காலமாதலால் அவனால் அடக்கத்துக்கும் வர இயலவில்லை. தாய் அத்துணை மகிழ்ச்சியோடு சுமந்து திரிந்த ஒரு வார்த்தையை இனித் திருத்துவது, அவளுடைய சவப்பெட்டிக்குள்ளிருந்து எதையோ களவாடுவது போல அவனுக்குத் தோன்றியது. அதனால் திருத்தாமலே விட்டுவிட்டான்.

உண்மையில் அவன், புகையிரத நிலையம் ஒன்றின் பின்புறத்தில் இருந்த சிறிய உணவகமொன்றிற் பாத்திரம் கழுவினான். காலையில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் உரித்தான். உரிமையாளராகிய சொலான்ஜ் அம்மையார் கைம்பெண். வாய் கடுமையானது, மனம் அவ்வாறன்று. வாடிக்கையாளர் வருமுன், முற்பகலில், அங்கே வேலை செய்வோர் யாவரும் நீண்ட மேசையொன்றில் அமர்ந்து ஒரே பானையிலிருந்து பரிமாறி உண்பார்கள். அம்மையாரும் அவர்களோடு அமர்வார். றஜீபனுடைய தகப்பனார் வருகிறார், அவருக்கு எழுபது வயது நிறைகிறது என்பதைக் கேட்டபோது, பிறந்தநாளன்று அவரைக் கூட்டிவா, எங்களோடு இருந்து சாப்பிடட்டும் என்றார்.

றஜீபன் நன்றி கூறினான்; ஆனால், அதனை ஏற்கும் எண்ணம் அவனுக்குச் சிறிதும் இருக்கவில்லை.

வேலை முடிந்து திரும்பிய இரவுகளில் அவனும் மனைவி ஜெனீற்றாவும் தொலைபேசித் திரையில் உணவகங்களைத் தேடினர். ஆற்றிலே மெல்லச் செல்லும் கப்பலொன்றில் மெழுகுதிரி வெளிச்சத்தில் உணவு பரிமாறுவதைக் கண்டு முதலில் அவன் மயங்கினான். ஊர்காவற்றுறைக்கு அயலூராகிய நாரந்தனையிற் பிறந்த ஜெனீற்றாவுக்கு நாக்கு எப்போதும் கூர்மையானது.

"சீவியம் முழுக்க வள்ளத்திலை நிண்ட மனிசனைப் பிறந்தநாளுக்கும் வள்ளத்திலை ஏத்தப்போறியளோ?"

கப்பல் கைவிடப்பட்டது. அடுத்துக் கண்டது, பனிக்கட்டியின்மேல் சிப்பிகளையும் நண்டுகளையும் கோபுரமாக அடுக்கி வைக்கும் கடலுணவகம். அங்கே போனால் தகப்பனார் மீனின் செவுளைத் திறந்து பார்த்து, எத்தனை நாள் ஆயிற்று என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்பார் என்று அஞ்சி, அதனையும் விட்டான். மூன்றாவது, பூங்காவொன்றின் அருகில் இருந்த பழைய மாளிகை. மேல்மாடியின் கூரை முழுதும் கண்ணாடியால் ஆனது. தட்டுகளில் உணவு ஓவியம்போல் வைக்கப்பட்டிருந்தது. ஆடவர் கோட்டு அணிந்து வருதல் வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த ஒரு விதியே றஜீபனின் மனத்தைக் கவர்ந்தது. அங்கே யாரும் தன் தகப்பனாரைச் சிறியவராக எண்ணமாட்டார்கள் என்று நினைத்தான்.

அவன் மேசைக்குப் பதிவு செய்ய முற்பட்டபோது, ஜெனீற்றா சொன்னாள்:

"மாமா கேட்டது உதில்லை."

"அவர் என்ன கேட்டவர் எண்டு எனக்கும் தெரியும்."

"பேந்து ஏன்?"

"எழுபது வயசு மனிசன் பிளேன் ஏறி வந்து, நான் கோப்பை கழுவுற தொட்டிக்குப் பக்கத்திலை இருந்து சாப்பிடவேணுமோ? அதையோ ஊரிலை போய்ச் சொல்லுறது?"

"நீங்கள் அதிலை இருந்துதானே நெடுகச் சாப்பிடுறியள்."

"நீர் பேசாமல் இரும்."

அன்று தான் இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசியிருக்கலாம் என்று பின்னர் அவள் பலமுறை வருந்தினாள்.

யாகப்பு ஆனி மாதத்தில் வந்து சேர்ந்தார். பெட்டியில் அவருடைய உடுப்பு குறைவு. பனங்கட்டிக் குட்டான்களே மிகுதி. சிறு ஓலைப் பெட்டிகளுள் வார்த்த அந்தப் பனங்கட்டிகளை அன்ரனிட்டா துணிப்பை ஒன்றில் தனியாகக் கட்டிக் கொடுத்திருந்தாள். இவை யாருக்கு என்று றஜீபன் கேட்டான்.

"உன்ரை கடையிலை உன்னோடை நிக்கிற பெடியளுக்கு. உன்ரை சம்மாட்டிக்கும் ஒண்டு."

தான் கொண்டுபோய்க் கொடுப்பதாக அவன் கூறியும் கிழவர் பையைக் கொடுக்கவில்லை. அது தன் கையாற் கொடுக்கவேண்டியது என்றார்.

பிறந்தநாள் மாலை, றஜீபனின் கறுத்தக் கோட்டை அணிந்துகொண்டு, துணிப்பையை மார்போடு அணைத்தவாறு அவர் புறப்பட்டார். இரவு உணவு வேளை நெருங்கியும் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நிலக்கீழ்ப் புகையிரதத்தை விட்டு வெளியே வந்தவர், வானத்தை அண்ணாந்து பார்த்து, இங்கே சூரியனுக்கும் ஓவர்ரைம் போலும் என்றார். ஜெனீற்றா நடுவீதியில் நின்று சிரித்தாள். அன்றைய நாளில் மூவரும் மனம்விட்டு மகிழ்ந்த வேளை அதுவே.

மாளிகையின் வாசலில் சீருடை அணிந்த ஒருவர் கதவைத் திறந்து, தலைதாழ்த்தி வரவேற்றார். யாகப்பு படியில் நின்று, கதவின் பித்தளைப் பிடியையும், உள்ளே தொங்கிய விளக்குகளையும், மகனின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இதுதானோ மோனை, உன்ரை இடம்?"

இது வேறு இடம் என்று சொல்லவே றஜீபன் எண்ணியிருந்தான். எங்கள் கடை இன்றைக்குப் பூட்டு என்று சொல்வதற்கு ஒரு வாக்கியத்தை ஆயத்தமாகவும் வைத்திருந்தான். ஆனால், தகப்பனாரின் முகத்தில் அப்போது தோன்றிய பெருமிதம், தாய் மாக்கிறேற் தொலைபேசியில் பேசும் குரலை அவனுக்கு நினைவூட்டிற்று.

"ஓம், அப்பு," என்றான்.

ஜெனீற்றா தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். பின்பு படியேறினாள்.

கண்ணாடிக் கூரையின் கீழ் அவர்களுக்கு மேசை ஒதுக்கப்பட்டிருந்தது. வெண்மையான விரிப்பு, ஒருவருக்கு மூன்று கிளாசுகள், கரண்டிகளும் முட்கரண்டிகளும் இரு பக்கமும் வரிசையாக. முதலில், உள்ளங்கையிலும் சிறியதொரு கிண்ணத்தில் ஏதோ பச்சை நிறக் கூழ் வந்தது. இது காய்ச்சற்காரருக்குக் கொடுப்பதோ என்று யாகப்பு கேட்டார். அடுத்து, பெரிய வெள்ளைத் தட்டின் நடுவே இரண்டு விரல் அகலத்தில் ஒரு மீன்துண்டு வந்தது. அதனை உண்டு பார்த்து, நல்ல மீன், நல்ல பதம் என்றார். மகன் ஆக்கியது போலவே அதனை அவர் மெச்சினார். யார் சமைத்தது, நீ இல்லாத நாளில் உன் வேலையை யார் பார்ப்பார் என்று விசாரித்தார். றஜீபன் ஒவ்வொரு வினாவிற்கும் ஒரு சிறு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தான். மீனின் சுவை அவனுக்குத் தெரியவேயில்லை.

தட்டுகள் எடுத்துச் செல்லப்பட்டபோது, யாகப்பு துணிப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நீ இரு. நான் உள்ளுக்கை போட்டு வாறன்."

"அப்பு, அங்கை போக விடமாட்டினம்."

"உன்ரை அப்பனெண்டு சொன்னால் ஏன் விடாயினம்?"

அவன் எழுவதற்குள் அவர் நடந்துவிட்டார். பரிமாறுவோர் போய்வரும் ஆட்டக் கதவை அடைந்து, அதனை மெல்லத் தள்ளிக்கொண்டு நின்றார். திறந்த கதவின் ஊடாக உள்ளே பாத்திரத் தொட்டியும், அதன் முன்னே நின்ற ஒரு நடுவயது மனிதரும் றஜீபனுக்குத் தெரிந்தனர். நிறத்தாலும் நிற்கும் விதத்தாலும் அவர் நம்மவர் என்பது தெளிவு. யாகப்பு அவரோடு பேசினார். திரும்பித் தம் மேசையைச் சுட்டிக் காட்டினார். அம்மனிதர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். றஜீபனை நெடுநேரம் உற்று நோக்கினார். பின்பு, தெரியாது என்று தலையை அசைத்தார்.

ஜெனீற்றா மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போங்கோ, போய்க் கூட்டிவாங்கோ என்று மெதுவாகச் சொன்னாள். றஜீபன் எழவில்லை.

யாகப்பு உடனே திரும்பவில்லை. அந்த மனிதருடைய கைகளைப் பார்த்தவாறு சிறிது நேரம் நின்றார். துணிப்பையை அவரிடமே கொடுத்தார். பின்னர், போனபோது இருந்த நடையிலும் சற்றுத் தளர்ந்த நடையோடு வந்து, கதிரையில் அமர்ந்து, துடைக்கும் துணியை மடிமீது ஒழுங்காக விரித்தார்.

"உள்ளுக்கை எங்கடை ஆள் ஒருத்தர் நிக்கிறார். குருசுமுத்துவாம். கோப்பை கழுவுறாராம். நல்ல மனிசன்."

அதன்பின் அவர் மகனின் கைகளைப் பார்த்தார். விரல் நுனிகள் வெளுத்து, தோல் ஊறிச் சுருங்கி, நகக்கண்கள் வெடித்திருந்த அக்கைகளை அவர் வந்த நாள் முதலே கண்டிருந்தார். சமையல் வேலையின் சூட்டினால் வந்தது என்று எண்ணியிருந்தார் போலும். றஜீபன் கைகளை மேசையின் கீழே இறக்கிக்கொண்டான்.

ஒரு மெழுகுதிரி ஏற்றிய சிறு இனிப்பைப் பணியாளர் கொண்டுவந்து வைத்து, பிறந்தநாள் வாழ்த்துக் கூறினார். யாகப்பு எழுந்து நின்று, அவருக்குக் கைகூப்பினார். மெழுகுதிரியை ஊதி அணைத்து, இனிப்பில் ஒரு துளியையும் விடாது உண்டார். சாப்பாடு நல்லம் என்றார். வீடு திரும்பும்போது புகையிரதத்தில் அவர் பேசியதெல்லாம் அந்தக் கண்ணாடிக் கூரையைப் பற்றித்தான். மழைக்கு அது ஒழுகாதோ என்று கேட்டார்.

அவர் அங்கே இருந்த எஞ்சிய நாள்களில், மகனுடைய வேலையிடம் பற்றி ஒரு சொல்லும் கேட்டாரில்லை. றஜீபனும் காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்பினான். ஒவ்வொரு நாளும், இன்று சொல்லிவிடலாம் என்று எண்ணியே கதவைத் திறப்பான். கிழவர் தொலைக்காட்சியில் புரியாத மொழியில் வானிலை பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிட்டாயோ என்று கேட்பார். ஓம் என்பான். அத்தோடு முடிந்துவிடும். விமான நிலையத்திலும் அவ்வாறே முடிந்தது.

ஊர்காவற்றுறையில் அவர் இறங்கிய அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் கோயில் வளவில் ஆட்கள் சூழ்ந்துகொண்டனர். யாகப்பண்ணை, மோன்ரை கடையிலை சாப்பிட்டனீரோ என்று ஒருவர் கேட்டார். அவருடைய விடையை அன்ரனிட்டா அன்றே தொலைபேசியில் தம்பிக்குச் சொன்னாள். மகனின் குரலில் மகிழ்ச்சி வரும் என்று எதிர்பார்த்தே சொன்னாள்.

"சாப்பிட்டனான் எண்டவர், தம்பி. கூரையெல்லாம் கண்ணாடியாம், வாசலிலை ஆள் நிண்டு கும்பிடுதாம் எண்டு பெரிய சந்தோசம். ஆனால் வீட்டை வந்து ஒண்டும் பறையிறாரில்லை. மிரோஜனுக்காக அனலைதீவு வாடியிலை திண்டிட்டு வந்த அண்டைக்கு எவ்வளவு கதை சொன்னவர். உனக்காக மட்டுந்தான் அந்தச் சோறு தின்னக் கிடைக்கேல்லை எண்டு நெடுகச் சொல்லுவார். இப்ப அதுவும் முடிஞ்சுது எண்டு நான் நினைச்சன்."

றஜீபன் அப்போது வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். வாடி என்ற சொல்லைக் கேட்டதும், சப்பாத்துக் கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. தகப்பனார் கேட்டது விருந்து அல்ல, அந்த வாடிச் சோறே என்பது அப்போதுதான் அவனுக்குப் புலப்பட்டது.

அன்று முற்பகல், நீண்ட மேசையில் எல்லோரும் அமர்ந்தனர். பானையில் பருப்பும், கரட்டும், இறைச்சித் துண்டுகளும் சேர்த்து அவித்த உணவு இருந்தது. சொலான்ஜ் அம்மையார் அவனுக்குப் பரிமாறியவாறு, உன் தகப்பனார் வருவார் என்று அந்தப் பிறந்தநாளன்று ஒரு தட்டுக் கூடுதலாக வைத்திருந்தேன், நீ விடுமுறை எடுத்துவிட்டாய் என்றார். குறையாகச் சொல்லவில்லை; நினைவு வந்ததால் சொன்னார். பெற்றவர் கேட்டதும் முதலாளி அழைத்ததும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. இடையில் நின்று மறித்தவன் தான் ஒருவனே என்பதை அந்த மேசையிலிருந்து அவன் உணர்ந்தான்.

மதிய வேலை ஓய்ந்ததும், பின்வாசற் படியில் இருந்து ஊருக்கு அழைத்தான். உள்ளதை உள்ளவாறு சொன்னான். யாகப்பு இடைமறிக்காது கேட்டார்.

"எனக்குத் தெரியும், மோனை. அந்தக் குருசுமுத்துவின்ரை கையும் உன்ரை கையும் ஒண்டு."

"ஏன் அப்பு அப்பவே கேக்கேல்லை?"

"நீ எனக்கெண்டு அவ்வளவு எடுப்பு எடுத்தனி. அதுக்குள்ளை என்னத்தைக் கேக்கிறது?" பின்னர், "கோப்பை கழுவுறது பச்சைத்தண்ணியோ, சுடுதண்ணியோ?" என்றார்.

"சுடுதண்ணி, அப்பு."

"அது நல்லம். மாரிக்கு அங்கை குளிரெல்லோ."

அடுத்த ஆண்டு மீண்டும் வரவேண்டும், இந்த மேசையில் இருந்து உண்ணவேண்டும் என்று றஜீபன் மன்றாடினான். இனி ஏலாது என்றார் கிழவர். பயணத்தால் வந்த களைப்பு என்று எண்ணியிருந்த நெஞ்சு நோவு வேறொன்று என்று யாழ்ப்பாணத்து வைத்தியர் அந்த வாரம் சொல்லியிருந்தார். இனி விமானம் ஏறக்கூடாது என்பதும் அவருடைய கட்டளை. அதனை ஒரு செய்தியாகவே யாகப்பு சொன்னார். சொல்லிவிட்டு, இன்றைக்குப் பானையில் என்ன என்று கேட்டார்.

றஜீபன் சொன்னான். பருப்பு, கரட்டு, இறைச்சி; மிளகாய் கிடையாது, மேலே சிறிது எண்ணெய்.

இரண்டு நாள் கழித்து அன்ரனிட்டா அழைத்தாள். அவளுடைய குரலில் வியப்பும் சிறிது சலிப்பும் இருந்தன.

"அப்புவுக்கு என்ன நடந்ததெண்டு தெரியேல்லை, தம்பி. நேற்று, பருப்புக்குள்ளை இறைச்சியும் கரட்டும் போட்டு அவி, ஒரு துளி உறைப்பும் போடாதை எண்டு நிண்டார். அவிச்சுக் குடுத்தன். குசினியிலை என்னோடை நிலத்திலை இருந்து திண்டார். பாதியிலை கோப்பையை வைச்சிட்டார். உறைப்புக் காணாதோ அப்பு எண்டு கேட்டன். இல்லைப் பிள்ளை, இது அந்தப் பானையில்லை எண்டார்."

இதற்கு என்ன பொருள் என்று அவள் கேட்டாள். றஜீபன் தொட்டியின் முன்னே நின்றுகொண்டிருந்தான். சுடுதண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பொருள் அவனுக்குத் தெரிந்திருந்தது. பிறகு எடுப்பதாக அக்காவிடம் கூறிவிட்டு, அடுத்த தட்டைத் தொட்டியில் இறக்கினான்.